நல்ல வீட்டுத் தயிர்

மூக்கண்ணனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஓட்டுநர் உரிமத்தைத் தவிர வேறு எவருக்கும் அது ஞாபகம் இல்லை. ஊருக்கு அவர் மூக்கண்ணன். செப்டிக் டேங்க் லாரி வைத்துப் பிழைக்கிறவனுக்கு மூக்கு வேலை செய்யாமல் இருப்பதுதான் வசதி. இவருக்கோ ஊரிலேயே கூர்மையான மூக்கு வாய்த்துவிட்டது. கடவுளும் சில நேரம் ஆள் மாற்றிப் பார்சல் கொடுத்துவிடுகிறார்.

டேங்க் மூடியை நகர்த்திவிட்டு எட்ட நின்று, உள்ளங்கையால் காற்றைத் தன் பக்கம் விசிறிக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு வீட்டுக்கார அம்மாவிடம் திரும்பி, ஆசிட் ஊற்றுகிறீர்கள் என்பார். அந்த அம்மா அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டே கக்கூஸ் கதவைக் காலால் மெல்லச் சாத்துவார். உள்ளே ஆசிட் பாட்டில் நின்றுகொண்டிருக்கும்.

டேங்க் என்பது வெறும் குழி இல்லை, அது ஒரு உயிர் என்பது அவருடைய கட்சி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ராப்பகலாக உழைக்கின்றன, விடுப்பு கேட்பதில்லை, சங்கம் வைப்பதில்லை. நாம் அனுப்புவதையெல்லாம் தின்று கரைத்துத் தண்ணீராக்கி விடுகின்றன. அவற்றின் தலையில் போய்ப் பினாயிலையும் ப்ளீச்சிங் பவுடரையும் கொட்டினால் அத்தனையும் செத்துப் போகும். செத்த டேங்க்கில் போனது போனபடியே கிடக்கும். அதற்கு ஒரே வைத்தியம்தான். நன்றாக வேலை செய்யும் வேறொரு டேங்க்கிலிருந்து இரண்டு பக்கெட் எடுத்து வந்து இதில் ஊற்ற வேண்டும். கொஞ்ச நாளில் உயிர் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு பக்கெட்டை ஊற்றும்போது மட்டும் மூக்கண்ணன் யாருடனும் பேச மாட்டார். ஆபரேஷன் அறையில் நிற்கிற டாக்டர் கெட்டார்.

குடும்பங்களையும் அவர் டேங்க்கை வைத்தே எடை போடுவார். கண்ணாடியும் பளிங்குமாக இழைத்த வீட்டின் டேங்க் நாசமாகக் கிடக்கும். தகரக் கூரை வீட்டின் டேங்க் தங்கமாக இருக்கும். "சம்பந்தம் பேசப் போறவன் முன்வாசல் வழியா போறான், முட்டாப்பய. பின்பக்கம் போய் மூடியத் திறந்து பார்த்தாத் தெரியும் குடும்பம்" என்பார். தன் கல்யாணத்தில் அப்படிச் செய்தாரா என்று கேட்டால் ஹோஸைச் சுருட்டப் போய்விடுவார். செய்திருந்தார். மச்சினன்தான் சாட்சி. அந்த வீட்டு டேங்க்கை இறைக்கப் போன இடத்தில், ஹோஸைத் துணி காய்கிற கொடியின் மேல் போட்டதற்காக ஜன்னல் வழியாக ஒரு பெண் அவரைக் கிழி கிழி என்று கிழித்தாள். மூடியைத் திறந்து பார்த்தார். டேங்க் அருமையாக இருந்தது. மறு வாரமே பெண் கேட்டுப் போய்விட்டார். மச்சினனும் சும்மா இருக்கிறானே என்று அவனையும் லாரியில் ஏற்றிக்கொண்டார்.

அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு சொல்கிறவள். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். இடத்தை விட்டுத் தள்ளி நிறுத்துகிற டிரைவரின் மானத்தை மைக்கிலேயே வாங்குவாள். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு குறைந்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். மூக்கண்ணனுக்கு அது இதமாக இருந்தது. நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் நிற்கிறவருக்குச் சன்னமாகப் பேசுகிற மனைவி வாய்த்திருந்தால் பாதிதான் காதில் விழுந்திருக்கும்.

கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. குதிரைக்குக் கொடுக்கிற மாத்திரை போலப் பெரிது பெரிதாகக் கொடுத்து, ஊசியும் போட்டுக் காய்ச்சலை இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தது அவள்தான். குரல் வரவில்லை.

முதலில் அசதி என்று நினைத்தார். வலி என்று நினைத்தார். வந்து தங்கிப் பார்த்துக்கொள்ள இரு பக்கத்திலும் பெண் துணை இல்லை, அந்த வருத்தமோ என்றும் நினைத்தார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். குழந்தையைக் கையில் கொடுத்தால் வாங்கினாள், பால் கொடுத்தாள், வாங்கிக்கொள்ள யாராவது வரும்வரை அப்படியே வைத்திருந்தாள். தானாகப் போய் எடுத்ததை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் அவரே சோறு பொங்கி, சாம்பலோடு கலந்துவிட்டது போலக் கருகிப்போனதைத் தட்டில் வைத்தார். திட்டுவாள் என்று ஆசையாகக் காத்திருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினாள். இது அசதியும் இல்லை, வலியும் இல்லை என்று அன்றைக்குத்தான் மூக்கண்ணனுக்குப் புரிந்தது.

வெளியே யார் கேட்டாலும், வீட்டில் நல்லா இருக்கா, பாப்பாவும் நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டார். மச்சினனிடமும் அப்படியே சொல்லச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்கு மனசு சரியில்லை என்று வெளியே போனால் ஊர் என்னென்ன சேர்த்துப் பேசும் என்று அவருக்குத் தெரியும். ஊர் சேர்த்து அனுப்புவதைத்தானே அவர் தினமும் இறைக்கிறார்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது டாக்டரம்மாவிடம் மெல்ல வாயைத் திறந்தார். மனைவி வரவில்லையா என்று டாக்டரம்மா கேட்டதிலிருந்து பேச்சு ஆரம்பித்தது. அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து கெட்ட கிருமியைக் கொன்றதோடு குடலில் இருந்த நல்ல கிருமியையும் கொஞ்சம் கொன்றிருக்கும். குடலுக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை உண்டு. வயிற்றுக் கிருமிகள் மாறினால் மனசும் வாடுமா என்று பெரிய பெரிய இடங்களில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. தயிர் சாப்பிடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்று சொல்லி டாக்டரம்மா மூச்சு வாங்குவதற்குள் மூக்கண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்போ உள்ள டேங்க் செத்துப்போச்சுன்னு சொல்றீங்க."

டாக்டரம்மா, அப்படியும் சொல்லலாம் என்று சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது.

"நல்ல டேங்க்ல இருந்து ரெண்டு பக்கெட் எடுத்து ஊத்தினா உயிர் வந்துடும் டாக்டரம்மா. எனக்கு ஆள் தெரியும். எந்நேரமும் சிரிச்சுக்கிட்டே இருக்கிற ஆளு."

டாக்டரம்மா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். வாயில் இருந்த டீயை விழுங்க வழி தெரியாமல் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"வேற ஒரு குடல் நோய்க்கு, பெரிய ஆஸ்பத்திரியில, ஆயிரம் பரிசோதனை பண்ணி அப்படி ஒரு வைத்தியம் பண்றாங்க. இதுக்கு இல்ல. வீட்ல நீங்க ஏதாவது பண்ணி வச்சீங்கன்னு காதுல விழுந்துச்சுன்னா, போலீஸுக்குச் சொல்லிடுவேன். தூக்கமில்லாதது, வலி, தனிமை, உடம்புக்குள்ள நடக்கிற மாற்றம், எல்லாம் சேர்ந்துதான் இப்படி ஆக்கும். நிறையப் பேருக்கு வர்றதுதான். வைத்தியம் இருக்கு. அவங்களக் கூட்டிட்டு வாங்க, அவங்க வாயால எங்கிட்ட சொல்லட்டும். அதுக்குள்ள சாகணும் கீகணும்னு ஏதாவது பேசினா ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க."

மூக்கண்ணன் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா உன்னை வரச் சொன்னாங்க என்றார். எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன் என்று சொல்லிவிட்டு அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னொரு தடவை கேட்க அவருக்கு நா எழவில்லை. ஹோஸைப் பிடித்து இழுக்கிற கை அவருடையது. சுவர் பக்கம் திரும்பியவளின் தோளைத் தொட அதற்குப் பழக்கம் இல்லை. டாக்டரம்மா சொன்னதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு மீதிப் பாதியைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு வந்தார்.

பக்கெட் கூடாது. தயிர் கூடும். தயிரும் கிருமிதான். அப்படியானால் நல்ல வீடாகப் பார்த்து உறை மோர் வாங்க வேண்டும். அவருக்கு இது சூரியன் போலத் தெளிவாகத் தெரிந்தது.

"கடையில பாக்கெட் தயிர் விக்குது மாமா" என்றான் மச்சினன், ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே.

"அது யார் வீட்டுத் தயிர்னு உனக்குத் தெரியுமா?"

"மாட்டு வீட்டுத் தயிர்."

மூக்கண்ணன் அவனை மதிக்கவில்லை. வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலசினார். பேங்க் மேலாளர் வீட்டு டேங்க் நல்ல டேங்க்தான். ஆனால் அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரர் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் டேங்க்கில் மாத்திரை வாடை. டேங்க்கும் நன்றாக இருக்க வேண்டும், ஆளும் சிரிக்க வேண்டும் என்று பார்த்தால் ஊரில் மிஞ்சியது தையல்கார அம்மா வீடும் பேக்கரிக்கார அம்மா வீடும்தான். டேங்க்கை மட்டும் வைத்துப் பார்த்தால் கணக்கு டீச்சர் வீட்டுக்கு முன்னால் எதுவும் நிற்காது. மச்சினன் பதறிப் போனான். அவன் அந்த டீச்சரிடம் படித்தவன்.

"வேணாம் மாமா. அந்த வீட்டுத் தயிர் சாப்பிட்டா அக்காவுக்குச் சிரிப்பு வராது. பதினாறாம் வாய்ப்பாடுதான் வரும்."

தையல்கார அம்மா வீட்டுக்கு முதலில் போனார். அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தால் மெஷின் ஓடுவது போல நிறுத்தாமல் ஓடும். பின்கட்டில் நின்று, கொஞ்சம் உறை மோர் வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்று அந்த அம்மா கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று மூக்கண்ணன் யோசித்து வைத்திருக்கவில்லை. மனைவிக்கு என்று சொன்னால் அவளுக்கு என்ன என்று வரும். வாய் தானாகவே ஒரு பொய்யை எடுத்து நீட்டியது.

"ஒரு வாடிக்கை வீட்ல டேங்க் செத்துக் கிடக்கும்மா. தயிர் ஊத்திப் பார்க்கலாம்னு இருக்கேன். புது முறை."

அடடே என்று அந்த அம்மா உள்ளே போய், ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில் எப்போதோ மறந்து போன ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். டேங்க்குக்குத்தானே. மூடியைத் திறந்ததுமே மூக்கண்ணனின் மூக்கு அபாயச் சங்கு ஊதியது. ஆனால் புளிப்பு ஏற ஏற உள்ளே ஆள் பலம் கூடும் என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, வீட்டில் பாலைக் காய்ச்சி ஆற்றி அதில் அதை ஊற்றித் துணி போட்டு மூடினார்.

மனைவி அதைச் சாப்பிட்டாள். முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். வயிறு மட்டும் அன்று முழுவதும் கடமுடா என்றது. உள்ளே குடியேறுகிறார்கள் என்று நம்பிக்கையோடு அவர் காதை வைத்துக் கேட்டார்.

அடுத்தது பேக்கரிக்கார அம்மா. அவர் இன்னும் தாராளம். தயிரோடு கொஞ்சம் ஈஸ்ட்டும் தரட்டுமா, மாவையே தூக்கி நிறுத்தும், டேங்க்கைத் தூக்காதா என்று கேட்டார். மூக்கண்ணன் அதை நிஜமாகவே யோசித்தார். மச்சினன்தான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தான். இதற்குள் விஷயம் பரவிவிட்டது. மூக்கண்ணன் டேங்க்குக்குத் தயிர் ஊற்றுகிறாராம் என்று தெருவுக்குத் தெரு பேச்சு. கேட்காமலே கிண்ணங்கள் வந்தன. பூசணம் பூத்தது, பூச்சி விழுந்தது, பல்லி எட்டிப் பார்த்தது என்று எந்தத் தயிரையும் யாரும் வீணாக்கவில்லை. அவற்றில் அவரே பயந்து போனவற்றைக் கொட்டினார். கிண்ணங்களைக் கழுவி அடுக்களைப் பலகையில் வரிசையாக வைத்தார். ஒருவர் ஆர்வக் கோளாறில் தன் டேங்க்கில் தானே ஒரு குடம் பாலை ஊற்றிவிட்டு, எப்போது உறையும் என்று கேட்டு ஆள் அனுப்பினார்.

மனைவி மட்டும் அப்படியே இருந்தாள். அதே கட்டில் ஓரம், அதே சுவர்.

கடைசியில் வேறு வழியில்லாமல் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். மச்சினன் லாரியை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டான். டீச்சர் தயிர் கொடுப்பதற்கு முன் விசாரித்தார். எந்த வீட்டு டேங்க்? எவ்வளவு கொள்ளளவு? ஒரு கிண்ணத் தயிர் அதற்கு எப்படிப் போதும்? யார் சொன்ன விகிதம்? மூக்கண்ணனுக்கு வேர்த்து ஊற்றியது. சின்ன டேங்க் டீச்சர் என்றார். எவ்வளவு சின்னது என்றார் டீச்சர். அவர் தன் மனைவியின் உயரத்துக்குக் கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சட்டென்று இறக்கிக்கொண்டார். டீச்சர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய் அன்று காலை உறைந்த நல்ல தயிரை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, டப்பாவைத் தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் டீச்சர், நானே கொண்டு வந்து தருகிறேன் என்று மூக்கண்ணன் சொன்னது கதவு சாத்திய சத்தத்தில் அடிபட்டுப் போனது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் டீச்சரின் ஸ்கூட்டர் நின்றது. மச்சினன் லாரியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

மூக்கண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். கட்டிலில் மனைவி. அவள் கையில் எவர்சில்வர் டப்பா. டப்பாவில் தயிர், தயிரில் ஸ்பூன். எதிரே நாற்காலியில் டீச்சர், வாயைக் கையால் மூடியபடி. நடந்தது என்ன என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டப்பா வாங்க வந்த டீச்சர், ஐயோ, அது டேங்க்குக்குக் கொடுத்ததாச்சே என்று சொல்லிவிட்டிருக்கிறார். மனைவி ஸ்பூனைத் தயிரில் குத்தி நிறுத்தினாள். தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் அவரைப் பார்த்தாள்.

"ஏங்க. நான் டேங்க்கா?"

மூக்கண்ணன் கழற்றிய செருப்பைத் திரும்பக் காலில் மாட்டப் பார்த்தார்.

"இத்தனை நாளா எனக்குக் கொடுத்ததெல்லாம் யார் யாரோ டேங்க்குக்குக் கொடுத்ததா? அந்தப் புளிச்சு நாறினது? அந்த நூல் நூலா வந்தது? பல்லு கூசிச்சே ஒண்ணு, அது?"

"அது பேக்கரிக்காரம்மா வீட்டுது" என்றார் அவர். உண்மையைச் சொன்னால் கோபம் தணியும் என்று யாரோ அவருக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "கண்ட வீட்டுல வாங்கல. நல்ல டேங்க் இருக்கிற வீடாப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன்."

டீச்சர் நிமிர்ந்தார். "என் வீட்டு டேங்க்கையுமா பார்த்தீங்க?"

"உங்களுதுதான் டீச்சர் ஊர்லயே முதல் டேங்க்."

டீச்சர் வாழ்க்கையில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மூக்கண்ணன் மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினார்: பெரிய பெரிய மாத்திரை, நல்ல கிருமி, குடலும் மூளையும் பேசிக்கொள்வது, டாக்டரம்மா, பக்கெட், போலீஸ். டீச்சருக்குச் சிரிப்பு முட்டியது. மனைவிக்கு முட்டவில்லை.

"வாடிக்கை வீட்டு டேங்க் செத்துப்போச்சுன்னு சொல்ல வாய் வந்துச்சு. பொண்டாட்டிக்கு முடியலன்னு சொல்ல வரல. இல்ல?"

 உன்னைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று தொடங்கிய மூக்கண்ணன் பாதியில் விட்டுவிட்டார். அதைச் சொல்லும்போதே அது அவளுக்காக இல்லை என்பது அவருக்கே வாடை அடித்துவிட்டது.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உடம்புக்கு என்னம்மா என்று மெதுவாகக் கேட்டார். ஒண்ணுமில்ல என்றாள் அவள், பழக்கத்தில். பிறகு தொட்டிலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், இந்தப் பிள்ளையப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணல. அழுதா கொடுக்கிறாங்க, வாங்குறேன். பசிச்சா கொடுக்கிறேன். பஸ் ஸ்டாண்டுல யாரோ கொஞ்சம் பார்த்துக்கங்கன்னு வச்சுட்டுப் போன பை மாதிரி இருக்கு. வந்து எடுத்துட்டுப் போயிட மாட்டாங்களான்னு இருக்கு. பெத்தவ இப்படி நினைப்பாளா? நான் கெட்டவளா டீச்சர்?"

 டீச்சர் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ரெண்டாவது பிறந்தப்போ" என்றார் டீச்சர், "ஸ்கூல்ல நின்னு கணக்குப் போடுவேன். வீட்டுக்கு வந்ததும் குளியலறையில குழாயத் திறந்துவிட்டுட்டு உட்கார்ந்து அழுவேன். எங்க வீட்டுக்காரர் வெளிய நின்னு தண்ணி வீணாகுதுன்னு கத்துவார். ஒரு வருஷம் யாருக்கும் சொல்லல. அப்புறம் டாக்டர்கிட்ட போனேன். மாத்திரை கொடுத்தாங்க, பேசச் சொன்னாங்க, பேசினேன். மெல்ல மெல்ல சரியாச்சு. கெட்டவளும் இல்ல, ஒண்ணும் இல்ல. புடவைய மாத்து. போகலாம்."

மூக்கண்ணன் அந்த வருஷத்தை யோசித்துப் பார்த்தார். அந்த வருஷமும் டீச்சர் வீட்டு டேங்க்கை அவர்தான் இறைத்தார். முதல் தரமாக இருந்தது. மகிழ்ச்சியான குடும்பம் என்று மச்சினனிடம் மெச்சிக்கூடப் பேசியிருந்தார். ஆசிட் ஊற்றினால் கண்டுபிடிக்கிற மூக்குக்கு, குழாயைத் திறந்துவிட்டு ஒருத்தி அழுதது தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த அறிவில் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. சரியட்டும் என்று விட்டுவிட்டார்.

லாரியில் ஏற மனைவி மறுத்துவிட்டாள். என்னை டேங்க் என்று சொன்னது போதாதா, டேங்கரிலும் ஏற்றப் பார்க்கிறீர்களா என்றாள். டீச்சரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாள். பின்னாலேயே லாரி போனது. மச்சினன் ஓட்ட, மூக்கண்ணன் மடியில் குழந்தை. தெரு முழுக்க வழக்கம் போல ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. குழந்தை மட்டும் அந்த வாடையில் அசந்து தூங்கியது. நல்லவேளை மாமா, மூக்கு எங்க பக்கம் என்றான் மச்சினன்.

டாக்டரம்மா அறைக் கதவு சாத்தியிருந்தது. மூக்கண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவள் பேசுவது கேட்டது, சொல் எதுவும் பிரிந்து விழவில்லை. நடுவில் அழுகை.  மறுபடி பேச்சு. முன்பெல்லாம் அவள் குரல் நிற்காதா என்று ஒரு நாளாவது நினைத்திருக்கிறோமா என்று யோசித்தார். நினைத்திருந்தார். அந்த நாளைச் சபித்துக்கொண்டார்.

பிறகு அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடக்கூடிய மாத்திரை ஒன்று, வாரா வாரம் வந்து பேச வேண்டும், முக்கியமாகத் தூங்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. தூங்க வேண்டும் என்றால் யாராவது பிள்ளையைப் பார்க்க வேண்டும். யார் என்று கேட்டு டாக்டரம்மா, மனைவி, டீச்சர் மூவரும் அவரைப் பார்த்தார்கள். காலையில் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை குழந்தை அவர் பொறுப்பு என்று முடிவாயிற்று. தயிர் தொடரலாமா என்று எழுந்திருக்கும்போது கேட்டார். தொடரலாம், கடையில் வாங்குங்கள் என்றார் டாக்டரம்மா. கதவருகே நின்ற மச்சினன் கூரையைப் பார்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு லாரி தாமதமாகவே கிளம்பியது. வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முதலில் கேட்டது தையல்கார அம்மா. ஏன் மூக்கண்ணே, முன்ன மாதிரி நேரத்துக்கு வர்றதில்ல என்றார். மூக்கண்ணன் ஹோஸைக் கீழே வைத்தார். வீட்டில் அவளுக்கு மனசு சரியில்லை, வைத்தியம் நடக்கிறது, காலையில் பாப்பாவை நான்தான் பார்க்கிறேன், அந்தத் தயிரும் டேங்க்குக்கு இல்லை, அவளுக்குத்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்த அம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. அந்தப் பழைய தயிரையா கொடுத்தீர்கள் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சாயங்காலமே மிச்சத் துணியில் நாலைந்து குட்டிச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கிண்ணம் வாங்கும் சாக்கில் பேக்கரிக்கார அம்மாவும் வந்தார். ஊர் பேசத்தான் செய்தது. பேசியதில் பாதி, எங்கள் வீட்டிலும் ஒருத்திக்கு இப்படி இருந்தது என்பதாக இருந்தது. மூக்கண்ணன் எதிர்பார்த்து வைத்திருந்த பேச்சு அது இல்லை.

மாத்திரை போட்டதும் விளக்குப் போட்டது போல எதுவும் நடந்துவிடவில்லை. இரண்டு நாள் பேசுவாள். மூன்றாம் நாள் சுவர் பக்கம் திரும்பிவிடுவாள். அன்றைக்கு அவர் ஒன்றும் செய்யாமல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டார். ஒன்றும் செய்யாமல் இருப்பது, நிரம்பி வழிகிற டேங்க்கைக் கையால் இறைப்பதைவிடக் கடினமான வேலை என்று மச்சினனிடம் சொன்னார்.

காலை வேலைகளில் அவரை ஆட்டிப் படைத்தது குளிப்பாட்டுவதுதான். அவருக்கு இவ்வளவு சின்ன எதையும் கழுவிப் பழக்கம் இல்லை. ஒரு நாள் காலையில் அடுக்களைத் தரையில் அகலப் பாத்திரத்தை வைத்து, வெந்நீர் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, குழந்தையை ஒரு கையில் ஏந்தி உட்கார்ந்தார். சோப்பு போட்டதும் குழந்தை விலாங்கு மீனாகிவிட்டது. இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் வழுக்கியது. குழந்தை வீறிட்டது. அவர் அதனிடம், கொஞ்சம் பொறு தாயே, கொஞ்சம் பொறு தாயே என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே யார் அதிகம் பயந்து போயிருந்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

கதவருகே நிழல் விழுந்தது. மனைவி நின்றிருந்தாள். அவள் தூங்க வேண்டிய நேரம் அது. தலை கலைந்து, கண் சிவந்து, எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"என்ன பண்றீங்க. காதுக்குள்ள தண்ணி போகுது பாருங்க."

போகல என்றார் அவர். போகுது என்றாள் அவள். வந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "கொடுங்க இங்க." அவர் நீட்டுவதற்குள் அவளே இரண்டு கையையும் விட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டாள். கால்களை நீட்டி அதன் மேல் போட்டு, பின்னந்தலையை உள்ளங்கையில் தாங்கி, இன்னொரு கையால் காதை மடக்கித் துடைத்தாள். இப்படியா பிடிப்பாங்க உங்கப்பா, ம்? லாரி டயரா நீ? என்று அதனிடம் கேட்டாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

மூக்கண்ணன் ஈரக் கையோடு எழுந்தார். அங்கே தனக்கு வேலை இல்லை என்று தெரிந்தது. ஒரு சொல் சொன்னாலும் எதுவோ கலைந்துவிடும் போல இருந்ததால், சத்தமில்லாமல் பின்னோக்கி நடந்து வாசலுக்கு வந்து லாரியில் ஏறிக்கொண்டார்.

"என்ன மாமா, இன்னைக்குச் சீக்கிரம்?"

"துரத்திட்டா. பாப்பா காதுல தண்ணி விட்டுட்டேனாம். திட்டுறா."

மச்சினன் அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தான்.

"திட்டினதுக்கா இத்தனை பல்லு தெரியுது?"

"வண்டிய எடுடா" என்றார் மூக்கண்ணன்.